சென்டினல் கேட்ட கேள்வி

புதன்கிழமை நான் லிபரல்காரன். சனிக்கிழமை டோரிக்காரன். நடுவில் மனுஷனாக இருக்க எனக்கு நேரம் கிடைத்ததே இல்லை.

எங்கள் ஆங்கிலேயச் சிற்றூர் ஹெல்ம்ஷாவில் இரண்டு கட்சிகள், இரண்டு பத்திரிகைகள். லிபரல்காரர்களின் மெசெஞ்சர் புதன்கிழமை வரும், டோரிக்காரர்களின் சென்டினல் சனிக்கிழமை வரும். மெசெஞ்சரில் நான் உதவி ஆசிரியர். ஆசிரியர் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தவர் பாதி நாள் நரி வேட்டைக்குப் போய்விடுவார். அதனால் தலையங்கம், சந்தை நிலவரம், நகராட்சிக் கூட்டம், செத்தவர் பட்டியல் எல்லாம் என் தலையில்தான். சென்டினலின் தலையங்கத்தை எழுதியதும் நான்தான். அது என் மனைவி கெசையாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு வேலை வயிற்றுக்குப் போதாத காலத்தில் தொடங்கிய கூத்து, பதினோரு வருஷம் ஓடியது. புதன்கிழமை டோரிகளைத் திட்டுவேன், சனிக்கிழமை அந்தத் திட்டுக்கு மறுதிட்டு. தலையங்கத்துக்குப் பெயர் போடுகிற வழக்கம் எங்கள் நாட்டில் இல்லாததால் பிழைத்தேன்.

ஆனால் கையெழுத்து என்று ஒன்று இருக்கிறதே. அச்சுக் கோப்பவர்கள் இன்று இந்த அச்சகம், நாளை அந்த அச்சகம் என்று மாறிக்கொண்டே இருப்பவர்கள். என் கோணல் எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது ஆம்புரோஸ் ஃபீல்டனுடையது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் சென்டினலுக்குப் போவதைக் கெசையா தன் கையால் படி எடுப்பாள். பக்கத்து ஊர்த் தபாலில், 'ஒரு கிராமத்துப் பாதிரி' என்ற பெயரில் அது போய்ச் சேரும்.

அச்சில் வந்ததை நான் படிப்பதில்லை. நாள் முழுக்க அடுப்படியில் நின்றவனுக்குச் சாப்பாடு இறங்காது, அந்தக் கதைதான். சென்டினல் வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து, மெசெஞ்சருக்காகச் சந்தை விலையையும் மரண அறிவிப்பையும் வெட்டிக்கொண்டு, மீதியைக் கணப்பு மூட்டக் கொடுத்துவிடுவேன். தலையங்கத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நான் எழுதியதுதானே.

மெசெஞ்சரில் மூத்த அச்சுக் கோப்பாளர் நட்டல். போன வசந்தத்தில் ஒருநாள், கை மையைத் துடைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார்.

"ஃபீல்டன் சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. சென்டினல்காரன் டானர் சந்துத் தண்ணிக் குழாயப் பத்திக் கேக்கறான். நீங்க என்னடான்னா வரி விதிக்கிற உரிமையப் பத்திப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

"எழுத்தக் கோக்கறது உங்க வேலை, நட்டல். அர்த்தத்த நான் பாத்துக்கறேன்."

"கோக்கறேன் சார். என் மச்சினி டானர் சந்துலதான் இருக்கா. அதான் கேட்டேன்."

மனுஷனுக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சென்டினலுக்கு நான் குழாயைப் பற்றி எங்கே எழுதினேன்?

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. மாலையானால் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. அந்த இலையுதிர் காலத்தில் சென்டினலின் ஆசிரியர் இறந்துபோனார். பத்திரிகையின் முதலாளி கிராப்ட்ரீ பாதிரிக்குக் கடிதம் போட்டிருந்தார். நீங்கள் யாராக இருந்தாலும் வாருங்கள், அந்த நாற்காலி உங்களுக்குத்தான் என்று. வாரம் ஒரே ஒரு தலையங்கம், கணப்புள்ள தனி அறை. சந்தை விலை கிடையாது, செத்தவர் பட்டியல் கிடையாது. அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் மெசெஞ்சர் மேசையிலேயே விழுந்து சாகவேண்டியதுதான், அதற்கான செய்தியையும் நானே எழுதி வைத்துவிட்டு. எனக்கு அது வேண்டும். வேறு எதையும் அவ்வளவு ஆசைப்பட்டு நினைவில்லை.

கெசையாவிடம் கடிதத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"போங்க. போய்ப் பாருங்க" என்றாள். அவ்வளவுதான்.

கிராப்ட்ரீ பீர் காய்ச்சிப் பெரிய ஆளானவர். என்னைப் பார்த்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீரா பாதிரி? அப்ப புதன்கிழமை புதன்கிழமை என்னைக் கழுவி ஊத்தறது யாருய்யா?"

"அதுவும் நான்தான்."

"பலே கில்லாடிதான். போகட்டும், வெளிய சொல்லமாட்டேன், சொன்னா எனக்கும்தான் மானக்கேடு. ஆனா குதிரை வாங்கினாலும் ஓட்டிப் பாத்துத்தான் வாங்குவேன். அந்த மேசையில உக்காந்து ஒண்ணு எழுதும். குழாய் விஷயமே இருக்கட்டும்."

ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். பிழையில்லாத, உருண்டு திரண்ட நடை. படிக்கப் படிக்க அவர் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோனது.

"இது பாதிரி இல்ல" என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து, வெட்டி வைத்திருந்த பழைய தலையங்கங்களைக் கத்தையாக எடுத்துப் போட்டார். "இதுதான் பாதிரி. கேளும்." வாசித்தார்: "'டானர் சந்தில் பதினாறு வீட்டுக்கு ஒரு குழாய். ஞாயிற்றுக்கிழமை அதற்கும் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்குத் தாகம் எடுக்கக் கூடாது என்று நகராட்சி தீர்மானம் போட்டிருக்கிறதா?'"

நான் அப்படி ஒரு வரி எழுதியதே இல்லை. கத்தையை வாங்கிப் புரட்டினேன். அங்கங்கே என் வாக்கியத்தின் ஒரு கால், ஒரு கை கிடந்தது. உயிர் யாருடையதோ. நட்டல் கேட்டது அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருஷமாகச் சென்டினல் கேட்டதை விட்டுவிட்டு, நான் கேட்டதாக நினைத்ததற்கெல்லாம் பதில் எழுதித் தள்ளியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

"இத எழுதின ஆளக் கூட்டிட்டு வாரும்" என்றார் கிராப்ட்ரீ. "நாற்காலி அவருக்கு."

வீட்டில் கெசையா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து?" என்றேன்.

எது என்று அவள் கேட்கவில்லை.

"மொத வருஷம் ஒரு வார்த்தைய மாத்தினேன், மிஸ்டர் ஃபீல்டன்." கோபம் வந்தால்தான் அவளுக்கு நான் மிஸ்டர். "அந்த வாக்கியம் நொண்டிச்சு, மனசு கேக்கல. அப்புறம் ஒரு வரி. அப்புறம் குழாயடியில பொம்பளைங்க பேசறத எல்லாம் போட்டேன். யாரும் வேணாம்னு சொல்லல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"படிப்பீங்கன்னு நெனச்சேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும் பாத்துக்கிட்டே இருப்பேன். இன்னிக்குப் படிப்பாரு, இன்னிக்குத் திட்டுவாருன்னு. நீங்க கத்தரிக்கோல எடுத்துச் செத்தவங்கள வெட்டிக்கிட்டுப் போயிடுவீங்க."

அந்த நாற்காலியை நினைத்துப் போனவன், அதைவிடப் பெரிய ஒன்றை வீட்டிலேயே தொலைத்திருந்தேன்.

கிராப்ட்ரீக்கு உண்மையை எழுதினேன். லண்டனிலிருந்து ஒரு ஆளை அமர்த்திவிட்டதாகவும், பாதிரியின் கட்டுரைகள் இனி வேண்டியதில்லை என்றும், என் மனைவிக்குத் தன் மரியாதையைத் தெரிவிக்கும்படியும் பதில் வந்தது.

"மரியாதைய என்ன பண்றது? டீயில போட்டுக் கலக்கவா?" என்றாள் கெசையா. கடிதத்தை மடித்துக் கெட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை மெசெஞ்சர் தலையங்கத்துக்காகப் பேனாவை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. காகிதத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

"நீ எழுது. நான் படி எடுக்கறேன்."

"மாத்தாம எடுப்பீங்களா?"

"மாத்தாம."

குழாய்ப் பூட்டை உடைக்கச் சொல்லி, லிபரல்காரர்களின் நகராட்சியை லிபரல் பத்திரிகையிலேயே கேட்டிருந்தாள். என் கோணல் எழுத்தில் அது அச்சகத்துக்குப் போனது. நட்டல் கோத்து முடித்துவிட்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

"இன்னிக்குத்தான் சார், சென்டினல்காரன் கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்கீங்க."

"கையெழுத்து மட்டும்தான் என்னோடது, நட்டல்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தலையாட்டிவிட்டுப் போனார்.

புதன்கிழமை பத்திரிகையை வெட்டாமல் முழுசாக வீட்டுக்கு எடுத்துப்போனேன். கெசையாவுக்கு எதிரே உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். அவள் கையில் இருந்த கிழங்கை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.