ஒலிப்பதிவு முடிந்த இடம்

மாதா கோயிலில் கீபோர்ட் வாசிப்பவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இருக்கிறதை இருக்கிறபடி வாசிப்பது. பூசைப் பாட்டில் ஒரு சுரம் மாறினாலும் முன் வாங்கில் இருக்கும் பெண்கள் கழுத்தைத் திருப்பிவிடுவார்கள். அவர்களுக்குப் பயந்தே என் பாதி வயது போய்விட்டது.

அந்தப் புத்தியோடுதான் ஜாஸ் படிக்கவும் உட்கார்ந்தேன். கண்டக்குழிக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளுக்கு லொட்ஜ் நடத்தும் ஸியாத் பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கைபேசியில் அனுப்பியிருந்தார். "யூஜீனியா அக்கா, சனிக்கிழமை பின்னேரம் இத வாசிச்சுக் காட்டுங்க. சரிவந்தா சீசன் முழுக்க நீங்கதான்."

எனக்கு அந்த வேலை வேண்டும். பதிவைக் கேட்ட அன்று சோறுகூட இறங்கவில்லை, அப்படி ஒரு இசை. பியானோக்காரர் வாசித்த ஒவ்வொரு சுரத்தையும், அவர் தடுமாறிய இடத்தைக்கூட விடாமல், மனப்பாடம் செய்தேன்.

சனிக்கிழமை லொட்ஜில் காற்று மேசை விரிப்புகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து வந்த மதுரன் தன்னைவிட உயரமான பேஸ் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்து நின்றான். பின்னால் ஒருவர் ட்ரம்ஸ். ஒரு சுரம் மறந்தால் மற்றதெல்லாம் போய்விடும் என்ற பயத்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிவரை வாசித்து முடித்துக் கையை எடுத்தேன்.

அவர்கள் நிறுத்தவில்லை.

"அக்கா, இன்னொரு சுத்து. இப்ப உங்கட வாசிப்பு" என்றான் மதுரன்.

"பாட்டு முடிஞ்சுதே தம்பி!"

"பாட்டு முதல் சுத்திலேயே முடிஞ்சுது. பிறகு வந்ததெல்லாம் அந்த மனுசன் அந்த நேரம் நினைச்சு வாசிச்சது. நீங்க உங்கட நினைப்ப வாசிங்க."

எனக்கென்று நினைப்பா? யாரும் இதுவரை கேட்டதில்லையே! எல்லாரும் பார்க்கிறார்கள், ஸியாத் பார்க்கிறார். எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. பதற்றத்தில் விரல் எங்கோ விழுந்தது, சுத்தப் பிழை. மதுரன் சிரித்துக்கொண்டே அதே பிழையைத் தானும் வாசித்தான். நான் பயந்தபடியே அடுத்ததற்குப் போனேன், பிறகு அதற்கடுத்ததற்கு.

"அடுத்த சனியும் வாங்க" என்றார் ஸியாத். நான் வாசித்ததைப் பதிவுசெய்து என் கைபேசிக்கு அனுப்பியும் விட்டார்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் கைபேசியும் கீபோர்டுமாக உட்கார்ந்தேன். கொஞ்சம் கேட்பேன், நிறுத்துவேன், வாசிப்பேன். தங்கச்சி அனஸ்தாசியா எட்டிப்பார்த்தாள்.

"இது யார் வாசிச்சதுக்கா?"

"நான்தான்."

"அப்ப ஏன் படிக்கிறீங்க?"

"சனிக்கிழமை பிழைச்சிடுமெண்டு பயம்."

அலுமாரியைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் அடங்கியதும் பயம் மட்டும் மிஞ்சியது. அவள் கேட்டதில் என்ன பிழை?

பதிவை அழித்தேன். சனிக்கிழமைக்கு இப்போது என்னிடம் ஒன்றுமே இல்லை. அந்தப் பயத்தோடேயே கீபோர்டில் விரலை வைத்து, வந்ததை வாசித்தேன்.