பரனூரில் நின்ற வண்டியும் நூறு கோழிக்குஞ்சுகளும்

கியாசுதீனின் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. கணக்கில் சேர்க்காமல் விட்ட ஏதோ ஒன்றுதான் ஒவ்வொரு தடவையும் வந்து அவரைக் கவிழ்த்துவிட்டுப் போகும். மாமல்லபுரத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகை சைக்கிள் கடை போட்டார். வந்தவர்கள் எல்லாரும் பஸ்ஸில் வந்து, கோயிலைப் பார்த்து, அதே பஸ்ஸில் போனார்கள். தேனீ வளர்த்தார். தேனீக்கள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேடந்தாங்கல் பக்கம் பறந்துவிட்டன. ஏன் பறந்தன என்று கேட்டால் இன்றைக்கும் அரை மணி நேரம் விளக்குவார். விளக்கத்தில் குறையே இருக்காது. தேனீதான் இருக்காது.

கடைசியாகக் கோழிக்கு வந்து சேர்ந்தார். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான ஆட்கள் வேலை செய்தார்கள், அத்தனை பேரும் முட்டை தின்பவர்கள். சதுரங்கப்பட்டினத்தில் தன் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு, மெட்ராஸ் பக்கத்துப் பண்ணை ஒன்றில் நூறு வெள்ளைக்கோழிக் குஞ்சுகளுக்குச் சொல்லி வைத்தார்.

மனைவி ஷாஜாதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "இதுவும் போச்சுன்னா, திங்கக்கெயமை காத்தால செங்கல்பட்டுல எங்க அண்ணன் கடைக்குப் போய் ஆணி நிறுங்க. வேற பேச்சு கெடையாது."

அண்ணன் ரஹ்மத்துல்லாவுக்கு பஜாரில் இரும்புக் கடை. கியாசுதீன் நாற்பத்திரண்டு வயதில், மச்சான் உட்கார்ந்திருக்கும் மேடைக்குக் கீழே நின்று, வருகிறவர்களுக்கு ஆணி நிறுத்துக் கொடுப்பதைக் கற்பனை செய்து பார்த்தார். அந்தக் கற்பனைதான் அவரை அந்தச் சனிக்கிழமை எழும்பூர் ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தியது, இரண்டு கையிலும் துளை போட்ட அட்டைப் பெட்டிகளோடு.

பண்ணைக்காரர் எச்சரித்துத்தான் அனுப்பினார். "பொயல் வருதுன்னு ரேடியோல சொல்லிகினே கீறான் பாய். நாளாண்ணிக்கு வந்து எடுத்துகினு போயேன்."

கியாசுதீன் அவருக்கும் விளக்கினார். கோழிக்குஞ்சு முட்டையிலிருந்து வெளியே வருவதற்குச் சற்று முன்னால், மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தக் கட்டுச்சோறு அதற்கு இரண்டு நாள் தாங்கும். அதனால்தான் ஒருநாள் குஞ்சை இரையும் தண்ணீரும் இல்லாமல் ரயிலில் கொண்டுபோக முடிகிறது. இவை வெள்ளிக்கிழமை பொரித்தவை. திங்கட்கிழமை வரை வைத்தால் கட்டுச்சோறு தீர்ந்துவிடும். புயலோ கடலில் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மணிக்குப் பதினைந்து வீதம் வந்தால் இருபது மணி நேரம். செங்கல்பட்டுக்கு வண்டி இரண்டு மணி நேரம். புயலை முந்துவதற்குப் பதினெட்டு மணி நேரம் கையில் மிச்சம்.

கோழியைப் பற்றி இருபது வருஷமாகத் தெரிந்த அந்த மனிதர், கோழியைப் பற்றி இரண்டு மாதமாகத் தெரிந்தவரின் உரையைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

எழும்பூரில் கரும்பலகை முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. ராத்திரி புறப்படும் எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் ரத்து. தெற்கேயிருந்து வருகிறவற்றை விழுப்புரத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க நின்ற வரிசை வாசல் வரைக்கும் வளைந்திருந்தது. பக்கத்துப் பாதையில் காலியாக நின்ற பெட்டிகளின் சக்கரங்களை ஆட்கள் சங்கிலி போட்டுத் தண்டவாளத்தோடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேக் போடாத பெட்டியைப் பெருங்காற்று தள்ளிக்கொண்டே போய்விடும், ஓட்டுநர் இல்லாமலே அது அடுத்த ஸ்டேஷனுக்குப் புறப்பட்டுவிடும் என்று கியாசுதீன் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அவர் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னார்.

மத்தியானம் விழுப்புரம் பாசஞ்சர்தான் கடைசி வண்டி. அதில் ஏறி உட்கார்ந்தபோது, ஊரையே ஏமாற்றிவிட்ட சந்தோஷம் அவருக்கு.

தாம்பரம் வரை தூறல். வண்டலூர் தாண்டியதும் பனைமரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டன. புயலுக்கு முன்னாலேயே அதன் காற்று வந்துவிடும் என்பது கணக்கில் இல்லை. எல்லாரும் ஷட்டர்களை இறக்கிவிட்டார்கள். இருட்டான பெட்டிக்குள் நூறு குஞ்சுகளின் கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னா பாய், பொட்டிக்குள்ள இன்னா கீது? கத்திகினே வருதே," என்று எதிரில் இருந்த செங்கம்மாள் கேட்டாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. மகள் வீட்டுக்குப் போய்விட்டு டூட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

கேள்வி கேட்பவர் கிடைப்பதே அபூர்வம். கியாசுதீன் மூடியைத் திறந்து காட்டினார். ஒரு பெட்டியில் ஐம்பது. நடுவில் தடுப்பு வைத்து இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பிரித்திருக்கும். குறைத்து வைத்தால் சூடு போதாது, கூட்டி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துக் கொன்றுவிடும். இருபத்தைந்து என்றால் ஒன்றுக்கொன்று அடுப்பு.

"நல்லாத்தான் வெச்சிகீறான்," என்றாள் செங்கம்மாள். "எங்க வார்டுல ஒரு கட்டில்ல மூணு பேர போடுறான்."

பரனூர் தாண்டிச் சிறிது தூரத்தில் வண்டி நின்றது.

மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் வழிய கார்டு தேவசகாயம் ஏறி வந்தார். "கம்பியில கரண்ட் இல்ல. எங்கியோ மரம் வியுந்திருக்கு. கரண்ட் வந்தாலும் காத்து கொறயிற வரைக்கும் இங்கதான். முன்னால ஏரி. எல்லாரும் ஷட்டர தூக்குங்க. ரெண்டு பக்கமும். கதவையும் தொறந்து வையுங்க."

ஒருவரும் அசையவில்லை.

"ஏன் சார், மய அடிக்கும்போது ஜன்னல மூடுவாங்களா, தொறப்பாங்களா?" என்றார் ஓரத்து இருக்கையில் இருந்த ஜானகிராமன். மெட்ராஸில் அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா, செங்கல்பட்டிலிருந்து தினமும் சீசன் டிக்கெட்டில் போய் வருகிறவர். "பதினோரு வருஷமா இந்த லைன்ல வரேன். இந்த மாதிரி ரூல கேட்டதே இல்ல."

"ரூல் கீது சார். தொறக்கணும்."

"எதுக்கு?"

தேவசகாயத்துக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, அல்லது ஏழு பெட்டிகளிலும் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தது. அந்த ஒரு நொடி மௌனம் கியாசுதீனுக்குப் போதும். எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறார்.

"இந்தப் பொட்டியோட அகலம் ஒம்போதடி. கீழ தண்டவாளம் எவ்ளோ? மூணேகால் அடி. ஒரு குண்டான ஆளு ரெண்டு காலையும் சேத்து வெச்சி நிக்கிறாப்பல. இப்ப ஒரு பக்கத்துலேந்து காத்து தள்ளுது. ஷட்டர மூடினா இந்தப் பொட்டி மொத்தமும் ஒரு செவுரு. காத்து பூரா செவுத்து மேல அடிக்கும். தொறந்துட்டா இந்தப் பக்கமா பூந்து அந்தப் பக்கமா போயிரும். எங்க ஊர் கடலாண்ட வாங்க. காத்துல கொடைய விரிச்சா ஆளையே தூக்கும். வலைய காய வெச்சிகீறாங்க, அது அசையுதா? ஓட்ட இருந்தா காத்து வம்பு பண்ணாது."

பெட்டி முழுக்கக் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் பேசி முடித்ததும் யாரோ எழுந்து போகாமல், எழுந்து ஒரு காரியம் செய்தார்கள். ஜானகிராமனே முதல் ஷட்டரைத் தூக்கினார். தொடர்ந்து வரிசையாக எல்லாம் மேலே ஏறின. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று. அதுவரை ஆடிக்கொண்டிருந்த பெட்டி அடங்கியது.

"சார்," என்றார் தேவசகாயம். "பக்கத்து பொட்டில நா சொன்னா கேக்க மாட்டேன்றானுங்க. நீங்க வந்து இதே மாதிரி சொல்லுங்களேன்."

ரயில்வே உடுப்புப் போட்ட ஒருவர் அவரை சார் என்று கூப்பிட்டிருக்கிறார். கியாசுதீன் இறங்கி, முழங்கால் உயரப் புல்லில் நடந்து, அடுத்த பெட்டியில் ஏறி விளக்கினார். அதற்கடுத்த பெட்டியிலும் விளக்கினார். அங்கே வலையோடு முறத்தையும் சல்லடையையும் சேர்த்துக்கொண்டதால் விளக்கம் இன்னும் சிறப்பாக அமைந்தது. நாலாவது பெட்டியில் கைகூடத் தட்டினார்கள்.

தொப்பலாக நனைந்து, மனசு நிறைந்து திரும்பி வந்தபோதுதான், திறந்த ஜன்னல்களுக்கு நடுவே தன் இரண்டு அட்டைப் பெட்டிகளைப் பார்த்தார்.

சாரல் நேராக அவற்றின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது. செங்கம்மாள் தன் பையை முன்னால் வைத்து மறைத்திருந்தாள். ஆனாலும் அட்டை ஊறி, ஒரு பக்கம் அப்பளம்போல் மடிந்து உட்கார்ந்துவிட்டது. மூடியைத் திறந்தார். குஞ்சுகள் மஞ்சள் பஞ்சாக இருந்தவை, நனைந்து ஈர்க்குச்சிகளாக நின்றன. கீச்சுச் சத்தம் இல்லை. குஞ்சு கத்தினால் குளிர்கிறது என்று அர்த்தம், கத்துவதை நிறுத்தினால் அதைவிட மோசம். அவருக்குத் தெரியும். எல்லாம் தெரியும். ஷட்டரை இறக்கச் சொல்ல வாயைத் திறந்தார். சுற்றிலும் நாற்பது பேர், அவர் பேச்சை நம்பி நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் ஓரத்தில் சாரலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார்.

மச்சானின் தராசு கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு தட்டில் ஆணி, ஒரு தட்டில் அவர்.

"இன்னா பாய் நின்னுகினு கீற?" என்று செங்கம்மாள் அதட்டினாள். இதற்குள் ஒரு குஞ்சை எடுத்து முந்தானையால் ஒற்றி, ரவிக்கைக்கும் புடவைக்கும் நடுவில் வைத்துக்கொண்டிருந்தாள். "வார்டுல மாசம் தெகையாம பொறக்குற கொயந்தய எங்க வெப்போம்? ஆத்தா மாருலதான். ஆளுக்கு ரெண்டு மூணு குடு."

"சரியாத்தான் சொல்ற அக்கா. குஞ்சுக்கு தொண்ணூத்தஞ்சு டிகிரி வேணும், மனுசன் ஒடம்பு தொண்ணூத்தெட்டு, அதனால..."

"வெளக்கம் அப்பறம். குஞ்ச புடி."

குஞ்சுகள் கை மாறின. பெண்கள் மடிக்குள் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் காதுக்குல்லாயைக் கழற்றி நான்கு குஞ்சுகளை அதில் போட்டு, குல்லாயைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார்.

ஜானகிராமன் மட்டும் பின்வாங்கினார். "பாய், நான் முட்டகூட தொட்டதில்ல."

"நீ தொட வேணாம் சாமி," என்றாள் செங்கம்மாள். "அதுவே ஒன்ன தொட்டுக்கும்." அவர் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றி மூன்றை உள்ளே விட்டாள்.

அவர் நெளிந்தார். கொஞ்ச நேரத்தில் நெளிவதை நிறுத்தினார். "தூங்குது போலிருக்கு," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு இருமல் வந்தபோது இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

இரண்டு மணி நேரம் அப்படியே போயிற்று. காற்று சற்றுத் தணிந்தபோது, செங்கல்பட்டிலிருந்து ஒரு கரி எஞ்சின் ஊதிக்கொண்டு வந்தது. அரக்கோணம் பாதையில் ஓடுகிற பழைய எஞ்சின். கம்பியில் கரண்ட் நின்றால் மின்சார எஞ்சின் வெறும் இரும்புப் பெட்டி, கரி எஞ்சினோ தன் அடுப்பைத் தானே சுமந்துகொண்டு வருவது. கியாசுதீன் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய பனியனுக்குள் ஆறு குஞ்சுகள் இருந்தன. மூச்சைப் பெரிதாக விடவே பயமாக இருந்தது.

கொளவாய் ஏரிக்கரையில் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தது. ஏரியில் கடல்போல் அலை. ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருந்தன.

செங்கல்பட்டு பிளாட்பாரத்தில், தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு ரஹ்மத்துல்லா நின்றிருந்தார். சதுரங்கப்பட்டினம் பஸ் நின்றுபோய்விட்டது என்று தெரிந்து மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்தார். கையில் காலியான ஆணிப் பெட்டி ஒன்று, உள்ளே கோணித் துண்டு விரித்து. அவர் கண்ணெதிரே பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி வந்து, சட்டைக்குள்ளும் மடிக்குள்ளும் கையை விட்டு, அவர் தங்கச்சி புருஷனிடம் எதையோ கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஜானகிராமன் தன்னுடைய மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தார். "நடுவுல இருக்குறது கொஞ்சம் சோனி, பாத்துக்கங்க," என்றார்.

"ரெண்டு எங்கிட்டயே கெடக்கட்டும் பாய்," என்றாள் செங்கம்மாள். கேட்கவில்லை, சொன்னாள். கியாசுதீன் தலையாட்டினார்.

மச்சானும் அவரும் பெட்டியை விளக்கு வெளிச்சத்தில் வைத்து எண்ணினார்கள். எண்பத்தொன்பது உயிரோடு இருந்தன. ஒன்பது போய்விட்டன. அட்டையோடு ஒட்டிக் கிடந்த அவற்றைக் கியாசுதீன் ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்தார்.

"ஷட்டர் இல்லாத வண்டியா மாப்ள?"

"இருந்துச்சு. தொறந்து வெச்சிட்டாங்க."

"இந்த மயயில? எவன் சொன்னான் தொறக்க?"

கார்டு என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் ஆகாது. கியாசுதீன் கொஞ்சம் யோசித்தார். "நாந்தான் மச்சான். நாலு பொட்டிக்கும் போய்ச் சொன்னேன்."

ரஹ்மத்துல்லா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எண்பத்தொம்போது இருந்தா கோழிப் பண்ண நடக்குமா?"

"நடக்கும்."

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. நடக்கும்ல?"

"ஏன் மச்சான்?"

"ஷாஜாதி திங்கக்கெயமன்னு நாள் குறிச்சிட்டா. எனக்கு ரெண்டு மாசமா தூக்கம் இல்ல." ரஹ்மத்துல்லா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கால் கிலோ ஆணி கேட்டு வர்றவன்கிட்ட, ஆணி செவுத்துல எப்டி எறங்குதுன்னு நீ சொல்லுவ. அவனும் நின்னு கேப்பான். பின்னால பத்து பேர் நிப்பான். பக்கத்துக் கடக்காரன் வித்துட்டுப் போயிருவான். காத்தாலேந்து தொயறப்பல்லாம் இந்தக் குஞ்சுங்களுக்காக துவா செஞ்சிகினு கீறேன் மாப்ள. அல்லா கேட்டுட்டான்."

கியாசுதீனுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. யோசித்துப் பார்த்தால் மச்சான் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆணி இறங்குவது உண்மையிலேயே சுவாரசியமான விஷயம், மரத்தில் ஒரு மாதிரி, சுவரில் ஒரு மாதிரி.

வெளியே காற்று மறுபடி ஏறத் தொடங்கியது. கூரைத் தகரம் எங்கோ படபடத்தது. ரஹ்மத்துல்லா ஆணிப் பெட்டியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, ஓரத்தில் சுருண்டிருந்த மிகச் சிறிய ஐந்தை மட்டும் பொறுக்கி எடுத்துத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். தார்ப்பாயை இருவர் தலைக்கும் சேர்த்து இழுத்துப் போர்த்தினார்.

"வூட்ல மண்ணெண்ண அடுப்பு மூட்டி வெக்கச் சொல்லிட்டு வந்தேன். நட," என்றார்.