புகை வராத பஸ்ஸுக்குப் புகைச் சான்றிதழ்

அன்று காலை டிரைவர் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, புது மாப்பிள்ளை மாதிரி டிப்போவுக்கு வந்தார். வராமல் என்ன செய்வார்? இருபத்தாறு வருஷம் டீசல் பஸ் ஓட்டியவர் கையில் முதன்முதலாக ஒரு மின்சார பஸ்ஸைக் கொடுத்திருக்கிறார்கள். சோதனை ஓட்டம். பகல் பன்னிரண்டு மணிக்குள் அது கேட்டைத் தாண்டினால் டீசல் வண்டிகளுக்குப் பதிலாக நாற்பது மின்சார பஸ் வரும். தாண்டாவிட்டால் நாற்பதும் வேறு ஊருக்குப் போய்விடும்.

மனுஷனுக்குப் பஸ் மேல் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். டிப்போ மதிலுக்கு அந்தப் பக்கம்தான் அவர் குவார்ட்டர்ஸ். விடிந்ததும் டீசல் பஸ்கள் ஒன்றாக உறுமிப் புகை கக்கும்போது அவர் மனைவிக்கு இளைப்பு வந்துவிடும். மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாகக் கொடுக்கும் நெபுலைசர் இல்லாமல் அவளுக்குப் பொழுதே தொடங்காது. சோறு போடும் வேலையே பெண்டாட்டியின் மூச்சைப் பிடிக்கிறதே என்று அவர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

கேட்டில் 'புகை சார்' நின்றிருந்தார். வெளியே போகும் ஒவ்வொரு பஸ்ஸின் சைலன்சரிலும் குழாயைச் சொருகி, புகையை அளந்து சான்றிதழ் கொடுப்பவர். அவர் கையெழுத்து இல்லாமல் எமனே ஓட்டினாலும் வண்டி நகராது. பஸ்ஸின் பின்னால் குனிந்து பார்த்தார். படுத்தும் பார்த்தார்.

"சைலன்சர் எங்கய்யா?"

"இது கரண்ட் பஸ் சார். புகையே வராது," என்றார் டிரைவர்.

"நீ சொன்னா போதுமா? மெஷின் சொல்லணும். சைலன்சர் இல்லாம குழாயை எங்க சொருகுறது, உன் காதுலயா?"

மேனேஜர் பதறி ஓடிவந்தார். மெக்கானிக் பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு சைலன்சரைத் தேடியெடுத்து, பஸ்ஸின் பின்னால் கம்பியால் கட்டினான். குழாயைச் சொருகினார்கள். மெஷின் சைபர் காட்டியது. டிரைவர் கைதட்டினார்.

புகை சார் பேனாவை மூடிவிட்டார்.

"சைபர் எழுத மாட்டேன். அப்படி எழுதின எங்க ஆளு ஒருத்தர் ரெண்டு வருஷம் சஸ்பெண்டுல கிடந்தார். அளக்காமலே கையெழுத்து போட்டுட்டார்னு அர்த்தமாம். ஒண்ணுலேருந்து அம்பதுக்குள்ள ஏதாவது ஒரு நம்பர் வரட்டும், கண்ண மூடிக்கிட்டுப் போடுறேன்."

பாவம், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

மணி பதினொன்றைத் தாண்டியது. "புகைதானே வேணும்? இருங்கண்ணே," என்று மெக்கானிக் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி சைலன்சருக்குள் திணித்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கரும்புகை குபுகுபுவென்று கிளம்பி ஆளையே மறைத்தது. மெஷின் தொண்ணூற்றெட்டு காட்டியது.

"ஃபெயில்," என்றார் புகை சார். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

துணியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்குள் புகை மதிலைத் தாண்டிவிட்டது. ஐந்தாவது நிமிஷம் டிரைவரின் மனைவி நெபுலைசரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இளைக்க இளைக்க வந்து நின்றாள்.

"ஏங்க... புகையில்லாத பஸ்ஸுன்னு... சொன்னீங்களே... இதுவா?"

டிரைவருக்கு உயிரே போய்விட்டது. அவளைப் பஸ்ஸின் பின்படியில் உட்கார வைத்து, செல்போன் சார்ஜ் போடும் பிளக்கில் நெபுலைசரைச் சொருகினார். வெள்ளை ஆவி எழுந்தது. அவள் மூச்சு மெல்லத் தணிந்தது. முகமூடி ஓரத்தில் கசிந்த ஆவி, பக்கத்தில் தொங்கிய புகை அளக்கும் குழாய்க்குள் கொஞ்சம் போனது.

"பன்னெண்டு!" என்று மெஷினைப் பார்த்துக் கத்தினார் புகை சார். "அடடா, இதுவல்லவோ நம்பர்! இதே சைலன்சர் வழியா வரட்டும், போட்டுடுறேன்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மருந்து பாதி மிச்சம் இருந்தது.

"ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது!" டிரைவர் குறுக்கே நின்றார். "அது அவ மூச்சு. பஸ்ஸும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!" மேனேஜர் முன்னால் அவர் குரலை உயர்த்தியது அன்றுதான்.

மனைவி முகமூடியைக் கழற்றினாள்.

"தள்ளுங்க. எனக்குத் தினமும்தான் குடுக்குறீங்க, என்ன குணமாச்சு? இன்னிக்கு ஒரு வேளை பஸ்ஸுக்குக் குடுத்துப் பாப்போம்."

சைலன்சர் வாயில் அவளே முகமூடியை அமுக்கிப் பிடித்தாள். ஆவி உள்ளே போனது. மெஷின் பதினொன்று காட்டியது. 'புகை அளவோடு உள்ளது' என்று எழுதி, புகை சார் கையெழுத்துப் போட்டார். மணி பதினொன்று ஐம்பது.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். பஸ் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. அந்த டிப்போவில் கிளம்பும் பஸ்ஸின் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால், அவர் மனைவி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள், மூக்கைக்கூடப் பொத்தாமல்.

"அடியே, தள்ளி நில்லு!" பிரேக்கை மிதித்து ஜன்னல் வழியாகக் கத்தினார்.

அவள் தள்ளவில்லை. பஸ்ஸின் முதுகையே பார்த்துக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு மூச்சு நீளமாக இழுத்தாள். விட்டாள். இன்னொன்று இழுத்தாள். இருமல் வரவில்லை.

"வண்டிய எடுய்யா, மணியாகுது!" என்று மேனேஜர் கூச்சல் போட்டார். டிரைவர் எப்படி எடுப்பார்? எதிரே இருந்த கேட்டே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தேய்த்த சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் பஸ் கேட்டைத் தாண்டியது.