காருக்கு மட்டும் வழி

பத்திரத்தில் வழி எழுத மறந்துவிட்டார் என் வீட்டுக்காரர் மரியசுந்தரம். மறந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் வழியை யார் எழுதிக் கேட்பார்கள்? அறுப்பு முடிந்தால் யார் நிலத்திலும் யார் வண்டியும் போகும். அந்த நினைப்பிலேயே, கிரிக்கெட் ஸ்டேடியத்துக்கு வருகிற கார்களை நிறுத்த இடம் கேட்ட கம்பெனிக்கு ரோட்டோரத்து ஒரு காணியை எழுதிக் கொடுத்துவிட்டார். பின்னால் அரைக் காணி எங்களுக்கு நின்றது.

போன மாதம் கம்பெனிக்காரன் ரோட்டோரம் சுவர் எழுப்பி கேட் போட்டான். மற்ற மூன்று பக்கமும் ஏற்கெனவே ஸ்டேடியத்துச் சுவர். உள்ளே நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. அறுப்பு மெஷின் கேட்டோடு திரும்பிப் போனது. மேட்ச் அன்றைக்குத்தான் கேட் திறக்குமாம், அதுவும் பாஸ் ஒட்டிய காருக்கு மட்டும். நடந்து வருகிறவர்களை விடமாட்டார்களாம். சொந்த நிலத்துக்கு நடந்து போகக் கூடாதாம்! வந்த ஆத்திரத்துக்கு இவரைத்தான் திட்டித் தீர்த்தேன். வேறு யாரைத் திட்டுவது?

தை பிறந்தும் வானம் மூடிக்கொண்டே கிடந்தது. ஒரு மழை விழுந்தால் போதும், கதிர் தரையில் படுத்து முளைத்துவிடும். மூலக்குளத்தில் இருக்கும் என் அண்ணன் மகன் டேவிட் ராஜிடம் கார் இருந்தது. அவனே பாஸும் வாங்கி வந்தான். டிக்கியில் இரண்டு கருக்கரிவாளும் நாலு சாக்கும் வைத்துக்கொண்டு, மேட்ச் நடந்த ஞாயிற்றுக்கிழமை பூசையைக்கூட விட்டுவிட்டுக் கிளம்பினோம். விதை நெல்லாவது மிஞ்சட்டும் என்றார் இவர்.

கேட்டில் டிக்கியைத் திறந்து பார்த்தார்கள். மேட்ச் நடக்கிற இடத்தில் ஆயுதம் கூடாது என்று அரிவாள்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள். காரை மட்டும் உள்ளே விட்டார்கள்.

எங்கள் வரப்போரமாகவே நிறுத்தச் சொன்னார்கள். இவர் இறங்கி, வெறுங்கையால் கதிரை உருவ ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். ஒரு சாக்கின் அடி நிரம்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓடி வந்து காரில் ஏறினோம்.

"வூட்டுக்குப் போலாம்பா," என்றேன்.

"எப்டி அத்த? பின்னால பூரா காரு. மழ வுட்டு மேட்ச் முடிஞ்சாதான் எடுப்பாங்க."

கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டான். வைப்பர் துடைக்கத் துடைக்க, எதிரே நெல் பாத்தி பாத்தியாகச் சாய்வது நன்றாகத் தெரிந்தது. எனக்கு அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

இவர் டேவிட்டின் தோளைத் தொட்டார்.

"அந்த வைப்பர நிறுத்துடா, டேவிட்."