பன்னிரண்டாம் கடிதத்தின் மூன்றாம் வரி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னது. அத்தான் அரசின் வெளிநாட்டுத் தொடர்புக் கண்காணிப்புப் பிரிவில் ஆய்வு அதிகாரி. நம் மாநகராட்சிகள் வெளிநாட்டு ஊர்களோடு செய்துகொண்ட சகோதர நகர ஒப்பந்தங்களில் ஆபத்து ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பத்து ஆண்டுகளாகப் பார்க்கிறார். இதுவரை அவர் சந்தித்த ஒரே ஆபத்து, சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கம்.

2

முதல் தொடக்கம்: 'மாநகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலில்லாத அறையில், ஒரு பெண்...'

வேண்டாம். ஜன்னல் இல்லை என்றதும் நீங்கள் இரக்கப்படத் தயாராகிவிடுவீர்கள். அந்த அறைக்கு இரண்டு ஜன்னல்கள்.

இரண்டாம் தொடக்கம்: எங்கள் ஊர் மேயர். ஒரு வெளிநாட்டு ஊரோடு ஒப்பந்தம் போட்ட ஒன்பது ஆண்டுகளில் ஏழு முறை குடும்பத்தோடு அங்கே போய்வந்தார். ஏழு பித்தளைப் பலகைகள் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் 'நட்பு' என்று எழுதியிருக்கிறது. அத்தான் ஆராய்ந்தார். குறையில்லை. ஏழு பயணங்களுக்கும் முன் அனுமதி இருந்தது.

(மேயரை ஒரு பாத்திரமாக்கப் பார்த்தேன். பலகைகளுக்குப் பின்னால் யாரும் இல்லை.)

3

அனுமதி இல்லாதவை கடிதங்கள். குடிநீர்ப் பிரிவு எழுத்தர், ஐம்பது வயதுப் பெண், அந்த ஊரில் குழாய் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு, அகராதியை வைத்துக்கொண்டு, அவர் மொழியிலேயே எழுதிக்கொண்டிருந்தார். வந்த பதில்களுக்கு எண் போட்டு, நூல் கட்டி, கோப்பில் வைத்திருந்தார். குற்றம் செய்கிறவருக்கு இவ்வளவு ஒழுங்கு ஆகாது.

விசாரணையை அத்தான் நடித்தே காட்டினார்.

"யாரைக் கேட்டும்மா எழுதுனீங்க?"

"தண்ணி வரல சார். அதுக்கு யாரைக் கேக்கணும்?"

"மேயர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவரு அப்போ அந்த ஊர்லதான் சார் இருந்தாரு. பலகை வாங்கிக்கிட்டு."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த இடத்தில் மட்டும் அத்தான் சிரிக்கவில்லை.

"விஷயத்துக்கு வர்றேன் மச்சான். அந்த மொழி எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது, நீ படிச்சிருக்கே. பதினஞ்சு கடிதம், நீதான் தமிழ்ல போட்டுத் தரணும். ஊர் வரைபடம், குழாய் போற வழி, அப்படி ஏதாவது இங்கேர்ந்து போயிருந்தா ஒரு வரி போதும். அந்தம்மாவுக்கு வேலை போயிடும்."

"இல்லாட்டி?"

"எச்சரிக்கை கொடுத்து ஃபைலை மூடணும். பத்து வருஷமா என்னத்தப் பிடிச்சேன்னு மேல கேக்கறாங்கடா."

4

பதினொரு கடிதங்களை முடித்துவிட்டேன். குளிர், மூட்டுவலி, வால்வு. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தால் கசிவு கேட்கும் என்று நான்கு பக்கம்.

பன்னிரண்டாம் கடிதம், மூன்றாம் வரி: நீங்கள் அனுப்பிய வரைபடம் கிடைத்தது, சந்தேகமான மூன்று இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன்.

நேற்று, கடிதத்தில் பெயர் இருந்த அந்தத் தெருவுக்குப் போனேன். மூன்று இடங்களிலும் தோண்டி மூடிய தடம். நான்கு நாளுக்கு ஒருமுறை வந்த தண்ணீர் இப்போது தினமும் வருகிறது. யார் சரிசெய்தது என்று ஒரு வீட்டில் கேட்டேன்.

"மேயர்தாங்க. இதுக்குன்னே வெளிநாடு போய்ப் படிச்சிட்டு வந்தாராமே."

5

முடிவுகள்.

ஒன்று: அந்த வரியை விட்டுவிடுகிறேன். அத்தானுக்குத் தெரியப் போவதில்லை. அவர் கதை படிக்கிறவரும் இல்லை. (இதைத் துணிச்சல் என்று எண்ணி நேற்று அரைமணி நேரம் மகிழ்ந்தேன்.)

இரண்டு: அந்த வரியை எழுதுகிறேன். எழுத்தர் வீட்டுக்கு. அத்தான் பதவி உயர்வுக்கு. மேயர் அடுத்த விமானத்துக்கு.

மூன்று: தெருவே திரண்டு மாநகராட்சி வாசலில் நிற்க, அத்தான் தலைகுனிந்து...

நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன். தெரு எதற்குத் திரளும்? அதுதான் தண்ணீர் வருகிறதே.

6

சற்றுமுன் அத்தான் ஃபோன் செய்தார்.

"காலைல வேணும் மச்சான். அடியில, சரியான மொழிபெயர்ப்புதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடு."

பன்னிரண்டாவதை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறேன்:

'அன்புள்ள அம்மா,
இங்கே குளிர் கூடிவிட்டது. மூட்டுவலியும்தான்.
நீங்கள் அனுப்பிய

முதல் பத்தியிலிருந்தே எனக்கு நியாயம் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கிறீர்கள். வரியை நீங்களே முடியுங்கள். கையெழுத்தும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.