கூடப்பிறந்தோர்: இல்லை

சுபாங்கியின் கலியாணத்துக்கு ஐந்து நாடுகளிலிருந்து கனடாவுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. பாரிஸ், ஒஸ்லோ சொந்தக்காரர்கள் ஒருபக்கம், அவளோடு வேலை செய்யும் ஜெர்மன்காரரும் பிரேசில்காரரும் மறுபக்கம். எல்லாரும் சொன்ன கையோடு டிக்கெட் போட்டார்கள். விசா மறுக்கப்பட்டது ஒரே ஒருவருக்குத்தான். அவர் வராமல் சடங்கு தொடங்காது.

அவர் நவரட்ணம், பெண்ணின் தாய் யோகமலரின் அண்ணன், யாழ்ப்பாணத்தில் இருப்பவர். கலியாணத்தன்று காலை, பெண்ணை முழுகவார்த்துக் குளிப்பாட்டும் முன்னர், பாலில் தோய்த்த அறுகம்புல்லை அவள் தலையில் வைப்பார்கள். யோகமலர் வீட்டு வழக்கப்படி முதல் அறுகு தாய்மாமனுடையது.

மறுப்புக் கடிதத்தில் காரணம் ஒரு வரிதான். சொன்ன உறவு நம்பும்படியாக இல்லையாம். யோகமலருக்குக் கோபம் தலைக்கேறியது. அண்ணனை அண்ணன் என்று எழுதினால் அதில் நம்பாமல் விட என்ன இருக்கிறது? சுபாங்கிதான் பழைய கோப்பைக் கிண்டி விஷயத்தைக் கண்டுபிடித்தாள். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், அகதியாக வந்திறங்கிய வாரம், யோகமலர் சொல்லச் சொல்ல ஒருவர் நிரப்பிய படிவம் அது. கூடப்பிறந்தோர் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. இப்போது அழைப்புக் கடிதத்தில் 'பிறதர்' என்று இருக்கிறது.

இரண்டும் பொய்யில்லை. நவரட்ணம் அவளுடைய பெரியப்பாவின் மகன். அவளும் தனிப்பிள்ளை, அவரும் தனிப்பிள்ளை. கூடப்பிறந்தவை ஆராவது உண்டோ என்று கேட்டபோது இல்லை என்றாள், அது உண்மை. ஆனால் பெரியப்பாவின் மகனை அண்ணை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அதற்கு இன்னொரு சொல் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து காட்டட்டும். ஏழு வயதில் தகப்பனை இழந்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வைத்தவரும் அவர்தான், கொழும்பு விமான நிலைய வாசல்வரை கூட்டிவந்து விட்டவரும் அவர்தான்.

"சிம்பிள் அம்மா, அவர் உங்கட கசின். அப்பிடியே எழுதுவம்" என்றாள் சுபாங்கி. மார்க்கம் நகரத்து வீட்டின் குசினி மேசையில் இருந்து ஐந்து நிமிடத்தில் புதுக் கடிதத்தை அடித்து முடித்தாள். முதல் வரியே, நவரட்ணம் என்னுடைய சகோதரர் அல்லர் என்பதுதான். அதைக் கொஞ்சம் கீழே போடேலாதோ என்று யோகமலர் கேட்டுப் பார்த்தாள். ஒபிசர் முதலில் அதைத்தான் பார்ப்பார் என்று மகள் சொல்லிவிட்டாள். யோகமலர் கையெழுத்து வைத்தாள். அண்ணனைத் தானே கொன்றுபோட்டது போல இருந்தது அவளுக்கு.

அந்தக் கடிதத்தை விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டியவர் நவரட்ணமேதான். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று மூன்றுதரம் போன் எடுத்தாள். மூன்றுதரமும் மழையையும் அவருடைய முழங்காலையும் விசாரித்துவிட்டு வைத்தாள். அவரும் கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க விசா வந்தது. விமான நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் காக்க வைத்துவிட்டு வெளியே வந்தவர் முதலில் சொன்னது, "கசின் எண்டுதான் சொன்னனான். பிசகேல்லை" என்பதைத்தான். யோகமலர் சிரித்தாள். காரில் ஏறியபிறகு சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாட்களில் வீடு நிறைந்துவிட்டது. தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கலுக்கு எந்த நிறத்தில் உடுக்க வேண்டும், செருப்பை எங்கே கழற்ற வேண்டும் என்றெல்லாம் சுபாங்கி வெளிநாட்டுக்காரருக்கு ஒரு கையேடே அடித்துக் கொடுத்திருந்தாள். வந்தவர்கள் அதைப் படித்து அச்சொட்டாக நடந்தார்கள். நவரட்ணம்தான் எந்தக் கையேட்டுக்குள்ளும் அடங்கவில்லை. "மை அங்கிள், அம்மாவின்ர பிறதர்" என்று சுபாங்கி அறிமுகப்படுத்தும்போதெல்லாம் அவர் கையை உயர்த்தி, "நோ, நோ. கசின்" என்று திருத்தினார். ஜெர்மன்காரியிடம் சொன்னார். ஒஸ்லோவில் இருந்து வந்த மாப்பிள்ளையின் சித்தியிடமும் சொன்னார். அவளும் தமிழ்தான். அவளிடம் எதற்குக் கசின்?

யோகமலருக்கு விளங்கிவிட்டது. மனுசன் கடிதத்தை வாசித்திருக்கிறார், காயப்பட்டிருக்கிறார், இப்போது அவள் எழுதியதை அவளுக்கே வட்டியோடு திருப்பித் தருகிறார். அவளுக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது.

கலியாணத்தன்று காலை பலகையில் சுபாங்கியை இருத்தினார்கள். கட்டிய சேலையும் வேட்டியும் நழுவாமல் பிடித்தபடி பத்து வெளிநாட்டவர்கள் சுற்றி நின்றார்கள். சொந்தக்காரி ஒருத்தி தாய்மாமனைக் கூப்பிட்டாள். நவரட்ணம் பின்னால், கோட்டுகள் தொங்கும் இடத்தில் நின்றார். அசையவில்லை. வேறை ஆராவது வைக்கட்டும் என்றார்.

யோகமலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள். "என்னிலை கோவமெண்டால் என்னைப் பேசுங்கோ அண்ணை. பிள்ளையிலை காட்டாதேங்கோ. அந்தக் கடிதத்துக்கு வேறை வழி எனக்குத் தெரியேல்லை."

அவர் அவளை விளங்காமல் பார்த்தார். "கடிதமோ? அது விசாவுக்கு எழுதினது. அதுக்கு ஆர் கோவிச்சது?"

"அப்ப ஏன் எல்லாரிட்டையும் கசின், கசின் எண்டு சொல்லுறியள்?"

நவரட்ணம் தலை குனிந்துகொண்டார். விமான நிலையத்தில் அதிகாரி ஒருவன், பக்கத்தில் தமிழ் சொல்ல ஒரு பிள்ளையையும் வைத்துக்கொண்டு, கேள்வி மேல் கேள்வி கேட்டானாம். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டானாம்.

"ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன் மலர். ஒருக்கா இல்லை, மூண்டுதரம் கேட்டவன். மூண்டுதரமும் சொன்னன். நீ எழுதினது தாளிலை. நான் என்ரை வாயாலை சொன்னனான். சொல்லிப்போட்டு வந்து உன்ரை பிள்ளைக்கு என்னெண்டு தாய்மாமனா நிக்கிறது?"

யோகமலருக்கு இப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் தன் குற்றத்தை அவருடைய கோபமாக நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவரோ தன் குற்றத்தைச் சுமந்துகொண்டு கசின், கசின் என்று தனக்கே தண்டனை கொடுத்திருக்கிறார்.

"நானும் இல்லையெண்டு எழுதினன், நீங்களும் இல்லையெண்டு சொன்னியள்" என்றாள். "சரிக்குச் சரி. இனி வாங்கோ, பிள்ளைக்குக் குளிருது."

கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவர் பால் கிண்ணத்துக்கு முன் குனிந்தபோது சுபாங்கி, விருந்தாளிகளுக்கு ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கியவள், பிறதர் என்பதா கசின் என்பதா என்று தடுமாறித் தாயைப் பார்த்தாள்.

"அண்ணை எண்டு சொல்லு" என்றாள் யோகமலர். "விளங்காட்டி விளங்காமல் இருக்கட்டும்."

சுபாங்கி அப்படியே சொன்னாள். வெளிநாட்டுக்காரர் பத்துப் பேரும், கையேட்டில் இல்லாத அந்தச் சொல்லை ஆளுக்கொரு விதமாக உடைத்து உடைத்துச் சொல்லிப் பார்த்தார்கள். நவரட்ணம் வைத்த முதல் அறுகிலிருந்து பால் சுபாங்கியின் நெற்றியில் வழிந்தது. ஒருவரும் துடைக்கவில்லை.