கற்பகவல்லி பழக்கிய கோரஸ்

காளீஸ்வரனுக்குப் பொய் சொல்ல வராது என்று விருதுநகரில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அந்த நல்ல பெயரை முதலாக வைத்துத்தான் 2006ஆம் வருடப் பங்குனியில் அவர் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் குழுவில் கோரஸ் பாடும் கற்பகவல்லி போன் செய்யும்போதெல்லாம், இந்த வருடம் கச்சேரியே வரவில்லை என்றார். அவளும் ஒவ்வொரு தடவையும் நம்பினாள்.

பங்குனிப் பொங்கல் மாதத்தில் அந்தப் பக்கம் மேடை போடாத ஊர் உண்டா? கரிசல்காட்டு ஊர்களில் தினம் ஒரு மேடை. காளீஸ்வரன் மெல்லிசைக் குழுவின் முதலாளி, கீபோர்டுக்காரர், வேனுக்கு டீசல் போடுகிறவர் எல்லாம் அவரே. பாட்டுக்குப் பிரபாகரன். கோரஸுக்கு ஓவியாவும் கற்பகவல்லியும். கார்த்திகையில் ஓவியா கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். ஒற்றைக் குரலில் கோரஸ் எடுபடாது. அதனால்தான் ஒரு புதுக் கீபோர்டை வாங்கினார். பாடகரின் மைக்கை அதில் சொருகி, இடது கையால் இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திக் கார்டு பிடித்தால், பாடுகிற குரலிலிருந்தே அது இன்னும் இரண்டு குரலை உண்டாக்கும். பெண் குரல் வேண்டுமென்றாலும் தரும்.

தரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பிரபாகரன் பாடியபோது கொசு ரீங்காரம்தான் வந்தது.

கற்பகவல்லி சாத்தூர் பக்கத்து ஊர்க்காரி. பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். வீட்டில் போன் கிடையாது; கச்சேரித் தகவல் பக்கத்து வீட்டுப் போனுக்குத்தான் வரும். மாசியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு நாளில், பஸ் ஏறி வந்து அந்தக் கீபோர்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பொத்தான் எதுவும் அவளுக்குத் தெரியாது, காது மட்டும் தெரியும். தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோரஸ் பாட்டுக்காரரை முந்திக்கொண்டு நிற்கிறது, சத்தத்தைப் பாதியாக்குங்கள் என்றாள். இரண்டு குரலும் ஒரே மாதிரி நடுங்குகின்றன, இரண்டு பொம்பளைகள் அப்படிப் பாடமாட்டார்கள் என்றாள். டிரம்ஸ் சத்தம் மைக்கில் புகுந்து குரலைக் குழப்புகிறது என்று டிரம்ஸ்காரரையே வாசல் பக்கம் நகர்த்தினாள். வரி முடிவதற்குள் இடது கையை எடுக்காதீர்கள் என்று காளீஸ்வரனையும் கண்டித்தாள். மூன்றாவது ஞாயிறு பெட்டிக்குள் இரண்டு பெண்கள் பாடினார்கள். எந்தப் பொத்தானில் கோரஸ் எழும்பும், எதில் அடங்கும் என்று அவளுக்கே அத்துபடியாகிவிட்டது.

"ஓவியாக்கா இல்லாத குறையே தெரியலண்ணே," என்று கைதட்டிச் சிரித்தாள்.

அவள் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், இவள் இல்லாவிட்டாலும் தெரியாதே என்று காளீஸ்வரனுக்குத் தோன்றியது. சம்பளம் மிச்சம். கச்சேரி முடிந்து ஒரு பெண் பிள்ளையைப் பத்திரமாக வீட்டில் விடும் பொறுப்பும் இல்லை. தோன்றியதற்கே வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே செய்தார்.

முதல் மேடையில் கோரஸ் எழும்பியதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பிறகு எந்த ஊரிலும் கோரஸ் வரும் இடத்தில் அவர் தலை நிமிரவில்லை. ரசித்து வாசிக்கிறார் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இதில் அவர் மறந்தது போஸ்டரை. ஊரும் தேதியும் எழுத இடம் விட்டு, தை மாதமே சிவகாசியில் மொத்தமாக அடித்து வைத்திருந்தார். ‘கோரஸ்: கற்பகவல்லி’ என்று அவள் படத்தோடு இருந்தது. பிறகு நினைவு வந்தும் அதைக் கிழித்துப்போட மனம் வரவில்லை. விழாக் கமிட்டிக்காரர்கள் அந்தப் போஸ்டரைப் பார்த்துத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கலைஞர்களுக்குத் துண்டு போர்த்துவார்கள். கற்பகவல்லிக்குக் காய்ச்சல் என்று ஊருக்கு ஊர் சொல்லித் தப்பித்துவந்தார்.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊரில் கமிட்டித் தலைவர் கோட்டைச்சாமி அவள் பெயரை வாசித்தார். காளீஸ்வரன் காய்ச்சலுக்கு வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கமிருந்து, "இங்கன இருக்கா," என்று நாலைந்து குரல் கேட்டது.

அவளோடு வேலை பார்க்கிற பெண்கள். அவர்கள்தான் போஸ்டரைப் பார்த்து அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி விட்டதும் குளித்து, மேடைக்குக் கட்டுகிற நீலப் பட்டுச்சேலையைக் கட்டி, பூ வைத்து வந்திருந்தாள். பாட வந்திருந்தாள். பஸ் தாமதம். அவள் வந்து சேர்ந்தபோது அவள் பாட வேண்டிய கோரஸ் குழாய் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது.

தோழிகள் தள்ளிவிட, மேடை ஏறினாள். பாடாத பாட்டுக்குத் துண்டை வாங்கிக்கொண்டாள். ஊர் கைதட்டியது. இரண்டு வார்த்தை பேசச் சொல்லிப் பிரபாகரன் மைக்கை நீட்டினான். அவள் வாங்காமல் கீபோர்டு பக்கம் வந்து நின்றாள்.

திட்டுவாள் என்று காளீஸ்வரன் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"கச்சேரி வந்ததும் நீங்க போன் பண்ணியிருப்பீக, பக்கத்து வீட்டு குருவம்மாக்காதான் சொல்லாம விட்டுட்டாகன்னு நெனச்சேண்ணே," என்றாள் மெதுவாக. "அவுக வாசல்ல நின்னு கண்டபடி ஏசிட்டு வந்துட்டேன். இனி எந்த மூஞ்சிய வச்சு அந்த வீட்டுக்குப் போவேன்?"

காளீஸ்வரன் எழுந்தார். பிரபாகரன் கையிலிருந்து வலது கையால் மைக்கைப் பிடுங்கினார்; இடது கை பழக்கத்தில் கீபோர்டு கட்டைகள் மேலேயே அழுந்தியிருந்தது. யோசித்தால் தைரியம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

"இந்தப் புள்ளைக்கு நான் துரோகம் பண்ணிட்டேன்," என்றார்.

அவரோடு சேர்ந்து பெட்டிக்குள்ளிருந்த இரண்டு பெண்களும் அதையே சொன்னார்கள். நான்கு திசைக் குழாயிலும் இனிமையாகக் கேட்டது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். கோட்டைச்சாமி இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். காளீஸ்வரனுக்கு விளையாட்டாகவே விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்று அந்த நேரத்திலும் ஒரு புத்தி ஓடியது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கூசும்.

கற்பகவல்லி சிரிக்கவில்லை. குனிந்து, தேடாமல் ஒரு பொத்தானை அழுத்தினாள். அதில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

"இப்பச் சொல்லுங்கண்ணே," என்றாள்.